குடியை நிறுத்த மூளைக்குக் காந்த சிகிச்சை: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறார் என் வீட்டுக்காரர். வயது 44. கள்ளு ஷாப்பில் தொடங்கிய பழக்கம், இப்போது தினமும் பிராந்தி. காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாவிட்டால் கை நடுங்குகிறது. கோவையில் ஒரு தனியார் மையத்தில், மூளைக்குக் காந்த சிகிச்சை 20 சிட்டிங் கொடுத்தால் குடி ஆசையே அழிந்துவிடும், ஒரு லட்சம் ஆகும் என்றார்கள். அவருக்கு இஷ்டமில்லாவிட்டாலும் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதைக்கு நிச்சயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்தக் காலை நடுக்கம்தான். உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போனதன் அடையாளம் அது. இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. காந்த சிகிச்சையிலும் அரிதாக வலிப்பு வருவதுண்டு. ஆகவே இந்த நடுக்கத்தைப் பற்றிக் கேட்காமலே தேதி குறிக்கும் இடம் எதுவானாலும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வராது.

கருவியே பொய் என்று சொல்ல மாட்டேன். தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளிலிருந்து காந்தத் துடிப்புகள் போய், மூளையின் மேல்பகுதியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. மனச்சோர்வுக்கு இதை 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. சிகரெட்டை விடுவதற்கு 2020ல் அனுமதி கிடைத்தது. மதுவுக்கு அப்படி அனுமதி இல்லை.

அந்த சிகரெட் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 262 பேர். பாதிப் பேருக்கு உண்மையான கருவி, மீதிப் பேருக்கு அதே சத்தம் போடும் போலிக் கருவி. சிகிச்சையை முழுக்க முடித்தவர்களில், தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள் உண்மைக் கருவியில் 28 சதவீதம், போலியில் ஏறக்குறைய 12 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த நான்கு வாரத்தைத் தாண்டவில்லை. போலிக் கருவியிலேயே சிலர் விட்டார்கள் என்பதையும் பாருங்கள்: தினமும் வந்து உட்காருவதும், ஒருவர் அக்கறையாகப் பேசுவதுமே ஓரளவு வேலை செய்திருக்கலாம். “ஆசையே அழிந்துவிடும்” என்ற பேச்சுக்கு இதில் எங்கே இடம்?

மதுவில் முடிவுகள் இன்னும் கலவையானவை. பல ஆய்வுகள் சிட்டிங் முடிந்ததும் ‘இப்போது எவ்வளவு ஆசை?’ என்று கேட்டு மதிப்பெண் போடுகின்றன. உங்களுக்கு வேண்டியது அந்த மதிப்பெண்ணா? ஆறு மாதம் கழித்து, சாயங்காலம் கூலி கையில் வந்து, வழியில் ஷாப்பைத் தாண்டி அவர் வீட்டுக்கு வருகிறாரா என்பதுதானே? கள்ளுக்குப் பேர்போன உங்கள் சித்தூர் தாலுகாவில் அது லேசான காரியமில்லை. மையத்தில் இதையே கேளுங்கள்: உங்களிடம் வந்த குடிநோயாளிகளில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் குடிக்கவில்லை? எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பார்ப்பது. கேரளத்தில் விமுக்தி திட்டத்தின் கீழ் போதை மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. அங்கே சேர்த்து நடுக்கத்தை மருந்தால் அடக்கி, வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பிறகு குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள். முதலாவதற்குக் கல்லீரலையும் அடுத்ததற்குச் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். இவை பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்தவை, ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது பொடி விற்றால் வாங்காதீர்கள். அதில் மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகத் தாக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்துவிட்டால் உயிர் போகலாம்.

விருப்பமில்லாமல் கூட்டிப் போவதும் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் தெளிவோடு இருப்பவருக்கு அவர் சம்மதமில்லாமல் சிகிச்சை தர முடியாது. இன்றைக்கே வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.