கண்ணாடியில் ஒட்டிய கப்பல்கள்

அன்புள்ள ஐயா,

மதுரை கீழமாசி வீதியில் தாத்தா நடத்திய மொத்தக் கடையில் ஒரு துறைமுகப் படம் மாட்டியிருந்தது. ஆறு சரக்குக் கப்பல்கள் துறைச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பின்னட்டையில் பென்சிலில் ‘தூத்துக்குடி 1905’ என்றிருக்கிறது. ஒரு கப்பலின் புகைபோக்கி முழுக்கக் கறுப்பு. இன்னொன்று வெளுப்பு, உச்சி மட்டும் கறுப்பு. எந்தக் கம்பெனிக் கப்பல்கள்? படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது; உரித்து ஸ்கேன் செய்யலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உரிக்காதீர்கள். ஈரத்தில் இளகி ஒட்டியது படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம். இழுத்தால் கப்பல் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும்.

பென்சில் குறிப்பை நம்ப முடியாது; ஊரோ ஆண்டோ தவறு. 1905இல் தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிடும்; ரயிலில் வந்திறங்கிய பஞ்சுப் பொதிகள் தோணியேறித்தான் கப்பலுக்குப் போகும். பெரிய கப்பல்கள் சுவரை ஒட்டி நிற்கும் புதிய துறைமுகம் 1974இல் வந்தது. (‘வ.உ.சி.யின் கப்பல்’ என்று எழுதாமல் விட்டார்களே! அவர் கம்பெனி தொடங்கியதே 1906இல்.)

புகைபோக்கி விஷயத்தில் கண் ஏமாறும். 1905 வாக்கில் படம்பிடிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில் சிவப்பு சரியாகப் பதியாது, நீலம் மிகையாகப் பதியும். அச்சில் சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். கிளான் லைன் என்ற கப்பல் கம்பெனியின் புகைபோக்கியில் கறுப்பின்மேல் இரண்டு சிவப்புப் பட்டைகள். படத்தில் அவை காணாமல் போகும்; உங்கள் ‘முழுக்கக் கறுப்பு’ அதுவாக இருக்கலாம். ஆல்ஃபிரட் ஹோல்ட் கம்பெனியுடையது நீலம், உச்சி கறுப்பு. உங்கள் ‘வெளுப்பு’ அதுவாக இருக்கலாம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கறுப்புப் புகைபோக்கியிலுள்ள இரண்டு வெள்ளைப் பட்டைகளோ எந்தத் தகட்டிலும் தெளிவாகத் தெரியும்; அதனால் அது இல்லை. ஆனால் வெறும் கறுப்புப் புகைபோக்கி வைத்திருந்த கம்பெனிகள் பல. ஆகவே பெயரைத் தேடுங்கள்: கப்பலின் பின்புறத்தில் பெயரும் பதிவுத் துறைமுகமும் எழுதியிருக்கும். அதைப் படிக்க முடிந்தால் கப்பல் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதைப் பதிவேடுகளில் பார்த்துவிடலாம்.

அதற்குக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். தட்டையான மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை (கண்ணாடியைத் தொட்டிருப்பதை மட்டுமே தெளிவாகப் படிப்பவை), நடுவில் இன்னொரு கண்ணாடி வந்தால் மங்கிவிடும். சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாகப் படிக்கும் சி.சி.டி. வகை கிடைத்தால் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள்; 8 அங்குலப் படம் 4,800 புள்ளி அகலம் வரும். இல்லையென்றால் கேமராதான். அறை விளக்கை அணைத்து, இரு பக்கமும் 45 பாகையில் இரண்டு விளக்குகள் வையுங்கள். லென்ஸ் அளவுக்கு ஓட்டையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன் தொங்கவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம் விழாது. பென்சில் எழுத்தையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். தவறாக இருந்தாலும் அது படத்தின் வரலாறுதானே.

திரும்ப மாட்டும்போது சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறும்.