இறந்தவர்களின் நினைவுகளை இணையத்தில் சேர்த்து வைப்பதால் பயன் உண்டா? எப்படிச் செய்வது?

பயன் உண்டு. ஆனால் படங்களை அள்ளி ஏற்றி வைப்பதால் மட்டும் இல்லை. படத்தில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் பயன். நான் இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர், 2019இல் இறந்தார். ஒரு தகரப் பெட்டி நிறைய போட்டோ இருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறது என்று அப்போது சும்மா இருந்துவிட்டேன். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்தது. மழை விட்டு வெயில் வந்ததும் அம்மா பதறிப்போய் போட்டோக்களைக் கட்டுக்கட்டாக எடுத்து மொட்டை மாடியில் காய வைத்தார். காய்ந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

நனைந்த போட்டோவை வெயிலில் வைக்கவே கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அதுவாக விட்டுக்கொடுக்கும்போது ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே தெரிகிற மாதிரி நிழலில் துணிமேல் பரப்ப வேண்டும். அன்றைக்கே முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு பிறகு நிதானமாகப் பார்க்கலாம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 200க்கு மேல் இருந்ததில் 31 தேறியது.

அந்த 31ஐயும் எடுத்துக்கொண்டு வேலூர் விருதம்பட்டில் இருக்கும் அத்தையிடம் போனேன். அப்பாவுக்கு மூத்தவர், கண்ணில் புரை எடுத்தவர். ஒரு படத்தில் பத்துப் பேர் திண்ணைக்கு முன்னால் நிற்கிறார்கள், யாரோ ஒருவருடைய கல்யாணம். அத்தை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் விரல் படாமல் காட்டிக்கொண்டே வந்தார். "இது உங்க தாத்தா. இது பாவு ஓடுறதுக்கு வருவாரே, அவரு. இவ எங்கூட தார் சுத்துனவ, ஆம்பூருக்குக் கட்டிக் குடுத்தாங்க." (பாவு ஓடுவதும் தார் சுத்துவதும் தறிக்கு நூல் தயாராக்குகிற வேலைகள்.) ஏழாவது ஆளிடம் விரல் நின்றது. "இந்தப் பொம்பள யாருன்னு தெரியலியே கண்ணு. உங்க ஆயா இருந்தா சொல்லியிருப்பா."

ஆயா, அதாவது எங்கள் பாட்டி, இறந்தது 2008இல். அதற்கு முன் அந்தப் பெட்டி எத்தனை முறை என் கைக்கு வந்திருக்கிறது! ஒரு மத்தியானம் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். மூக்குத்தியும் புள்ளிப் புடவையுமாக நன்றாகத் தெரிகிற முகம்தான், ஆனால் அது யார் என்று சொல்ல இப்போது உலகத்தில் ஒருவரும் இல்லை. வெள்ளத்தில் போன படங்களைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது ஸ்கேன் இல்லை, வீட்டில் வயதில் மூத்தவர் முன்னால் போனில் பதிவு போட்டுவிட்டு படங்களைப் பரப்புவதுதான். அவர் பேசட்டும், நீங்கள் பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் வந்து நிற்கும். பின்புறத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகமே கையோடு வந்துவிடும். ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடியில் ஒளி அடிக்காதபடி மேலேயே படம் எடுத்தால் போதும்.

இங்கே ஒரு கேள்வியை என் தம்பியே கேட்டான். நெசவுக்காரருக்கு எதற்கு இணையத்தில் பக்கம், அவர் என்ன பெரிய மனிதரா என்று. அவனிடம் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். செங்கம் பக்கத்து ஊர், பழைய வட ஆற்காடுதான். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல், அதாவது சுமார் 1400 வருடத்துக்கு முந்தியது. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் செத்துப்போன கருந்தேவகத்தி என்ற ஒருவனுக்காக நட்டது. அரசன் இல்லை, மந்தையைக் காக்கப் போன ஆள், அவ்வளவுதான். அவனோடு இருந்த நாயையும் அதே கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்த மண்ணில் இருந்துகொண்டு அப்பாவுக்கு எதற்கு என்று கேட்கலாமா? தம்பி பிறகு பேசவில்லை, அடுத்த வாரமே தன் போனில் இருந்த அப்பாவின் குரல் பதிவை அனுப்பி வைத்தான்.

அந்தப் பதிவு 11 விநாடிதான். "பாப்பா வந்துட்டாளா? பஸ் ஸ்டாண்டுலதான் நின்னுனு இருக்கேன், முள்ளு கத்திரிக்கா நல்லா இருக்குது, வாங்கட்டுமா?" பின்னால் ஒரு கண்டக்டர் "பேரணாம்பட்டு, பேரணாம்பட்டு" என்று கத்துவதும் கேட்கிறது. நாங்கள் இணையத்தில் சேர்த்து வைத்திருப்பதில் நான் அதிகம் திறப்பது இதைத்தான். மாலை போட்ட படத்தில் இருக்கிற அப்பா எல்லோருக்கும் பொதுவானவர், கத்தரிக்காய் விசாரிக்கிற இந்த அப்பாதான் எங்களுக்குத் தெரிந்தவர். வாட்ஸப் குரல் பதிவு ஓபஸ் என்ற வடிவில் இருக்கும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு எம்பி3யாக ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். இறந்தவரின் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விடுவதற்கு முன்னால் போனில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். நாங்கள் விட்டுவிட்டோம், எண் கைமாறிப்போய் ஒருநாள் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய குழந்தையின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

எங்கே வைப்பது என்பதற்கு நிறைய யோசிக்க வேண்டாம். நான் முதலில் வைத்த இலவச தளம் இரண்டே வருடத்தில் மூடப்பட்டது, அதனால் ஒரே இடத்தை நம்பாதீர்கள். இப்போது சொந்தப் பெயரில் ஒரு சின்ன தளம், இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று தம்பி வீட்டில். 1996இல் தொடங்கி இன்றும் நடக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத் தளத்திலும் எல்லோரும் பார்க்கலாம் என்று நினைக்கிறவற்றை மட்டும் ஏற்றியிருக்கிறேன். எழுத்து எல்லாம் எந்தக் கணினியிலும் போனிலும் தெரிகிற சாதாரண யூனிகோடில். அப்புறம், நாமும் ஒருநாள் போகிறவர்கள்தானே. கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை அழிக்கலாம் என்பது அவர்கள் விதி, ஆனால் நமக்குப் பின் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று பத்துப் பேர் வரை குறித்து வைக்க அதிலேயே வசதி இருக்கிறது. நான் மகளையும் தம்பியையும் குறித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பொதுவில் வைக்காதீர்கள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றி நின்று எடுத்த படங்கள் எங்களிடமும் இரண்டு இருக்கின்றன. அத்தை வேண்டாம் என்றார், எனக்கும் அதுவே சரியாகப் பட்டது, அவை டிஸ்க்கில் மட்டும் இருக்கின்றன. பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், உயிரோடு இருப்பவர்களின் விலாசம் எதுவும் வேண்டாம். என்ன நோய், யாரோடு என்ன சண்டை என்பதை எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன மயானக் கொள்ளைக்கு, அதாவது மாசியில் சுடுகாட்டில் நடக்கும் அங்காளம்மன் திருவிழாவுக்கு, அத்தையோடு பாலாற்றங்கரைக்குப் போயிருந்தேன். சமாதிகளில் கொழுக்கட்டையும் சுண்டலும் படைத்து கற்பூரம் ஏற்றும்போது அத்தை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வழக்கமாக மளமளவென்று வரும். இந்த முறை நாலாவது பெயரில் தடுமாறி என் முகத்தைப் பார்த்தார். நான் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து மீதியை வாசித்தேன். முடிந்ததும் அத்தை தலையை ஆட்டி, "பெரியவள வுட்டுட்டியே" என்றார். யார் பெரியவள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தைக்கும் மூத்ததாக ஒரு பெண் குழந்தை இருந்தாளாம், நாலு வயதில் அம்மை கண்டு போய்விட்டாளாம். அப்பாகூட ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. தேரும் மேளமும் பாலத்துப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்த இரைச்சலில், என் காதுக்குள் குனிந்து அத்தை அவள் பெயரை இரண்டு தடவை சொன்னார். அங்கேயே மணலில் உட்கார்ந்து அவளுக்கும் ஒரு பக்கம் திறந்தேன். படம் இல்லை. பெயர், ஊர், "பல் விழுறதுக்கு முன்னமே பாட்டு பாடுவா" என்று அத்தை சொன்னது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது.