அப்பாவுக்கு ஜெல் தடவிய கை

கேள்வி: நான் சென்னையில் ஸ்போர்ட்ஸ் மசாஜ் தெரபிஸ்ட். வயது 37. தேசிய முகாமில் இருக்கும் 400 மீட்டர் ஓட்டக்காரர் ஒருவர், இரண்டு கிரிக்கெட் வீரர்கள், பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த நடிகர் ஒருவர் என்று பலர் என் கையை நம்பியிருக்கிறார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கை நடுக்கம் உண்டு. காலையில் அவரைக் குளிப்பாட்டி, டாக்டர் எழுதித் தந்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஜெல்லைத் தோளில் தடவி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடினால்தான் ஆறு மணிக்கு ஸ்டேடியத்தில் இருக்க முடியும். இரவு நடிகர் வீட்டிலிருந்து திரும்பப் பதினொன்றாகிவிடும். மூன்று வயது மகள் பகல் முழுக்கத் தாத்தாவின் தோளில்தான் கிடப்பாள். அப்பாவின் காலை வேலைகளை மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், முடியவே முடியாது என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மனைவிக்குப் புரியவைப்பது இருக்கட்டும் தம்பி. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு கடிதத்தின் மற்ற பகுதி என் மனதில் நிற்கவில்லை.

1 சதவீத ஜெல் என்றால் 5 கிராம் பாக்கெட்டில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அப்பாவின் உடம்புக்குள் போகும். மீதியெல்லாம் அவர் தோளிலும் உங்கள் உள்ளங்கையிலும்தான். துண்டில் துடைத்தால் அது போகாது. சானிடைசரும் போதாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நீங்கள் அதே கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, ஓட்டக்காரரின் தொடையையும் கெண்டைக்காலையும் அழுத்தித் தேய்க்கிறீர்கள். எவ்வளவு அவர் தோலுக்குள் இறங்கியது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஊக்கமருந்து ஆய்வகம் சொல்லிவிடும். உடம்பே சுரந்த டெஸ்டோஸ்டிரோனையும் வெளியிலிருந்து வந்ததையும் பிரித்துக் காட்டும் சோதனை அவர்களிடம் இருக்கிறது.

வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) பட்டியலில் இந்த ஹார்மோனுக்குப் போட்டி நாள், பயிற்சி நாள் என்ற வேறுபாடே கிடையாது, எப்போதும் தடை. முதல் முறை சிக்கினாலே நான்கு ஆண்டுகள் வரை போகும். உடம்புக்குள் எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியவரும் அந்த வீரர்தான். டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் விவகாரம் உங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் இரண்டு சோதனைகளில் அவர் உடம்பில் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டான க்ளாஸ்டபோல் தெரிந்தது. மசாஜ் செய்த பிசியோவின் விரலில் வெட்டுக்காயம். அதற்கு அடித்துக்கொண்ட ஸ்ப்ரேயில் அந்த மருந்து. கையுறை போடாமல் தேய்த்ததில் சின்னர் உடம்புக்குப் போயிருக்கிறது. விசாரணைக் குழு அதை நம்பியது. அப்படியும் 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையை சின்னர் ஏற்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அந்த பிசியோவுக்கு வேலை போய்விட்டது. 2006-இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் காட்லின் டெஸ்டோஸ்டிரோனில் சிக்கியபோது, மசாஜ் செய்தவர்தான் க்ரீமைத் தேய்த்துவிட்டார் என்று பயிற்சியாளர் கை காட்டினார். மசாஜ் செய்தவர் மறுத்தார். காட்லினுக்கு நான்கு ஆண்டுத் தடை. அவர்களிடம் பணம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். உங்கள் 400 மீட்டர் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் எனக்கு அவரைவிடப் பெரிய கவலை உங்கள் மகள். ஜெல் போட்ட தோளில் ஒரு குழந்தை நாள் முழுக்கக் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறாள். இப்படிக் குழந்தைகளுக்குப் பரவியதைப் பார்த்துத்தான் 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஜெல்களின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. வயதுக்கு மீறிய ரோமம், பரு, பெரியவர்களுடைய வியர்வை வாடை, பிறப்புறுப்பு பெரிதாவது, திடீர் வளர்த்தி, காரணமில்லாத மூர்க்கம் — இதில் ஏதாவது இருக்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தாத்தா டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார். ரத்தப் பரிசோதனையும், எலும்பின் வயதைப் பார்க்கக் கை எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லலாம். தொடர்பை நிறுத்தினால் பெரும்பாலான மாற்றங்கள் பின்வாங்கும். எலும்பு முந்திக்கொண்டு முதிர்ந்திருந்தால் மட்டும் அது முழுக்கத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள் என்கிறேன்.

இதற்காக அப்பாவின் மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முறையை மாற்றுங்கள். முதலில் குளியல், பிறகு ஜெல். போட்ட பின் ஐந்தாறு மணி நேரம் குளிக்கக் கூடாது. ஜெல் போடும்முன் தோள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் மெல்லிய பிளாஸ்டிக் உறை உதவாது. அதே காரணத்தால் பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. மெல்லிசாகப் பரப்பினால் போதும், உங்கள் தொழில் பழக்கத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள். ஐந்து நிமிடம் காயவிட்டுக் கை வைத்த சட்டை போட்டுவிடுங்கள். பனியன் போதாது, மருந்து இருக்கிற தோளை அது மூடாது. கையுறையை உள்புறம் வெளியே வரும்படி உரித்துக் காலிப் பாக்கெட்டோடு கட்டிப் போடுங்கள். உறை போட்டிருந்தாலும் மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீங்களும் குளித்து உடை மாற்றிய பிறகே வேலைக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை தாத்தாவிடம் போவதற்கு முன் அவர் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும், அதற்கு அந்த ஐந்தாறு மணி நேரம் ஆகட்டும். அதுவரை மடியில் வேண்டுமானால் உட்காரட்டும், சட்டைக்கு மேலே. அந்தத் துண்டு, தலையணை உறை, அப்பாவின் சட்டை எல்லாவற்றையும் தனியாகத் துவைக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி, ஊசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி, தொடக்க டோஸ்களுக்குப் பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. மருத்துவமனையில் பிட்டத்துத் தசையில் மெதுவாகப் போட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை எடுக்கிறார் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஊசிக்கு மாறிவிட்டால் வீட்டில் யார் தோலிலும் மருந்து இருக்காது.

ஓட்டக்காரரிடம் இன்றே சொல்லியாக வேண்டும். அப்பா எந்தத் தேதியில் ஜெல் தொடங்கினார், நீங்கள் எந்தெந்த நாள் மசாஜ் செய்தீர்கள், மருந்துச் சீட்டு, கடை பில், பாக்கெட்டின் பேட்ச் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அவர் அதை அணி மருத்துவரிடம் காட்டட்டும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், அது அவருக்குச் செய்யும் துரோகம். அப்பாவின் சிகிச்சை முறை மாறும் வரை அவர் உடம்பில் கை வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண் இந்த ஜெல்லைத் தொடவே கூடாது. கர்ப்பம் என்றால் வயிற்றிலிருக்கும் பெண் சிசுவையே அது பாதிக்கும். அந்த வேலையை அவளிடம் தள்ளப் பார்த்திருக்கிறீர்கள். அவள் மறுத்தது உங்கள் குடும்பத்துக்கு நடந்த நல்லது. காரணம் தெரிந்து மறுத்தாளோ என்னவோ, நீங்கள் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்ற அப்பாவைக் குளிப்பாட்டி மருந்து போடுவது மகனுடைய வேலை. அதை மருமகளின் கடமையாக்கிவிட்டு ஊரார் காலைப் பிடித்துவிடப் போவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறு மணிக்கு அங்கே என்ன அவசரம்? வேக ஓட்டப் பயிற்சிக்கு முன்னால் ஆழமாக அழுத்தினால் தசை தளர்ந்துபோகும் என்பது உங்களுக்கே தெரியும். முன்னால் வேண்டியது பத்துப் பதினைந்து நிமிட லேசான தட்டல், தடவல். அதை அவர்களே வார்ம்-அப்பில் பார்த்துக்கொள்வார்கள். ஆழ்ந்த மசாஜ் பயிற்சி முடிந்து உடம்பு ஆறிய பிறகுதான். எட்டரைக்குப் போனாலும் உங்கள் வேலை கெடாது. நீங்கள் ஆறு மணிக்கே நிற்பது பயிற்சியாளரின் கண்ணில் படுவதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடிகரின் மேனேஜரையும் கூப்பிட்டு, இனி மாலை ஏழு மணிக்குள் என்றால்தான் வர முடியும் என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளட்டும்.