பதில்: ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு 2.8, கொதிக்க வைத்தால் போதுமா?

வேண்டாம் சகோதரி, கொதிக்க வைக்காதீர்கள். நீர் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கும். லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் என்று வந்த தண்ணீர் இன்னும் செறிவாகிவிடும். கேண்டில் வடிகட்டியும் இதற்கு உதவாது.

ஒகேனக்கல் குடிநீர் தெருக்குழாயில் வந்தும், சுவை பிடிக்காமல் துணி துவைக்க விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தலைகீழாக மாற்றுங்கள்! தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு தொல்லைக்காகவே வந்த திட்டம் அது. குடிக்கவும் உலை வைக்கவும் காவிரி நீர்; துவைக்க ஆழ்துளை நீர். குழாய் வராத நாளுக்கு ஆர்.ஓ. வடிகட்டி போதும். செயலூட்டப்பட்ட அலுமினா வடிகட்டியும் புளோரைடை ஈர்த்துப் பிடிக்கும். ஆனால் அது நிரம்பியபின் புளோரைடைப் பிடிக்காமல் தண்ணீரை அப்படியே விட்டுவிடும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அவ்வப்போது நீரைச் சோதிக்க வேண்டும்.

புளோரைடு குழந்தைகளின் அறிவைக் குறைக்கும் என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி முழுப் பொய்யல்ல. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்புண்டு என்றது. அந்த முடிவின் உறுதியை 'மிதமானது' என்றே குறித்தது. அதுவும் பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த சராசரிதான். உங்கள் மகள் கணக்கில் தடுமாறுவதை இதன் தலையில் கட்டாதீர்கள், ஆசிரியரிடம் பேசுங்கள்.

உங்கள் மகளுக்கு ஏற்கெனவே முளைத்த பற்களில் புளோரைடால் வந்த கறை தானாகப் போகாது. ஆனால் அவளுடைய ஏழு வயதில் சில நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும், அவற்றைக் காப்பாற்றலாம். கைக்குழந்தையின் பால்பொடிக்குக் கலக்கும் தண்ணீரை இன்றே மாற்றுங்கள்.