ஜாஸ் சிங்கர் (1927): பழைய ஆபரேட்டரிடம் கேளுங்கள்

கேள்வி: உலகின் முதல் பேசும் படம் இதுதானே, ஐயா?

இல்லை. இதில் பேச்சு சுமார் இரண்டு நிமிடம்தான். மீதி வசனம் எழுத்து அட்டை. முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம் 1928ல் வந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'.

கேள்வி: ஒலி ஃபிலிமிலேயே இருந்ததா?

இது நம்ம ஏரியா. ஒலி தனியாக இசைத்தட்டில் இருந்தது. வைட்டாஃபோன் என்று பெயர். 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ரீலுக்கு ஒன்று. ஊசி உள்ளிருந்து வெளியே நகரும். புரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார் சுழற்றும். என் காலத்தில் ஃபிலிம் அறுந்தால், கெட்ட துண்டை வெட்டி ஒட்டி ஓட்டிவிடுவோம். கொஞ்சம் விசில் பறக்கும், அவ்வளவுதான். வைட்டாஃபோனில் அப்படிச் செய்தால் அந்த ரீல் முடியும்வரை வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வெட்டிய பிரேம்களை எண்ணி, அத்தனை வெற்றுப் பிரேம்களைச் சேர்க்க வேண்டும். தட்டும் இருபது காட்சிக்கு மேல் தாங்காது. ஓட்டிய கணக்கைக் குறிக்க லேபிளிலேயே கட்டம் போட்டிருந்தார்கள்.

கேள்வி: படத்தின் நாயகன் ஆல் ஜோல்சனுக்காகவே எழுதிய கதையா?

ஒருவகையில் ஆமாம். மேடையில் அவர் பாடியதைப் பார்த்துத்தான் எழுத்தாளர் சாம்சன் ரஃபேல்சனுக்குக் கதையே தோன்றியது. ஆனால் அந்தக் கதை முதலில் நாடகமானது, அதில் நடித்தவர் ஜார்ஜ் ஜெசல். படத்துக்கு அவருக்குச் சம்பளம் படியவில்லை, ஜோல்சன் வந்தார்.

கேள்வி: முதல் பேசும் படம் என்று பாடத்தில் படித்தேனே?

மேலே பாருங்கள்.

கேள்வி: முகத்தில் கரி பூசிப் பாடுகிறாரே?

இதற்குள் வாசகர் ஒருவர் "அந்தக் காலத்தில் அது சகஜம்" என்று கருத்து எழுதிவிட்டார். சகஜம் யாருக்கு, தம்பி? கறுப்பின மக்களைக் கேலி செய்து வளர்ந்த மேடை வழக்கம் அது. இன்னொருவர் "அப்படியானால் படத்தையே பார்க்கக்கூடாதா?" என்கிறார். நான் அப்படிச் சொன்னேனா? அவர் குரலை ரசிக்கிறேன், கரிக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். போதும், நிறுத்துங்கள்.

கேள்வி: 'காளிதாஸ்' பற்றி?

முதல் தமிழ்ப் பேசும் படம், 1931. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

கேள்வி: ஜோல்சன் பிறகு என்ன ஆனார்?

1928ல் 'தி சிங்கிங் ஃபூல்' இதைவிடப் பெரிய வசூல். முப்பதுகளில் மவுசு குறைந்தது. 1946ல் அவர் வாழ்க்கையே படமானது. லாரி பார்க்ஸ் வாயசைத்தார், பாடியது ஜோல்சன். 1950ல் கொரியாவில் போர்வீரர்களுக்குப் பாடித் திரும்பியவர், அக்டோபரில் காலமானார்.

கேள்வி: முதல் காட்சியில் படத்தைத் தயாரித்த வார்னர் சகோதரர்கள் இருந்தார்களா?

இல்லை. நியூயார்க்கில் 1927 அக்டோபர் 6ம் தேதி முதல் காட்சி. அவர்களில் ஒருவர், இந்த ஒலி வேலையை விடாப்பிடியாகத் தள்ளிக்கொண்டு வந்த சாம் வார்னர், முந்தைய நாள்தான் இறந்திருந்தார்.