பிளஸ் டூ மார்க்கோடு ஜெர்மனியில் நேரடியாகச் சேர முடியுமா?

கேள்வி: என் மகன் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்து 600-க்கு 468 எடுத்திருக்கிறான். கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறான். "பிளஸ் டூ அங்கே செல்லும், அப்போஸ்டில் (நம் சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு போடும் முத்திரை) செய்துவிட்டால் நேரடி சீட்" என்று ஒரு கன்சல்டன்சி மூன்று லட்சம் கேட்கிறது. நம்பலாமா?
- ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள் அம்மா. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதியில்தான்.

பிளஸ் டூவை ஜெர்மனி ஏற்கிறது, ஆனால் அந்நாட்டுப் பள்ளி இறுதிச் சான்றான அபிடூருக்குச் சமமாக ஏற்பதில்லை. அதனால் வெறும் பிளஸ் டூவை வைத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் நேராக முதலாமாண்டு சேர முடியாது. 95 சதவீதம் எடுத்திருந்தாலும் இதே நிலைதான். எந்த நாட்டுச் சான்று எதற்குச் செல்லும் என்பதை அனபின் என்ற இணையத் தரவுத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தளம் ஜெர்மன் மொழியில் இருக்கும். பிரவுசரில் மொழிபெயர்த்துக்கொண்டு, பள்ளிச் சான்றுகள் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அது வழிகாட்டிதான், கடைசி முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்.

உங்கள் மகனுக்கு மூன்று வழிகள் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தகுதி பெற்றிருந்தால், பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ மெயின் மட்டும் போதாது. இது இல்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்று.

முதலாவது, ஸ்டூடியன்கோலெக். ஜெர்மனியிலேயே இரண்டு செமஸ்டர் படிக்கும் ஆயத்தப் படிப்பு இது. பொறியியல், கம்ப்யூட்டர் போகிறவர்களுக்கு 'டி' பிரிவு, மருத்துவத்துக்கு 'எம்', பொருளாதாரத்துக்கு 'டபிள்யூ'. நுழைவுத் தேர்வில் ஜெர்மன் மொழி கட்டாயம். 'டி' பிரிவுக்குக் கணிதமும் இருக்கும். விண்ணப்பிக்கவே பி1 அல்லது பி2 அளவு ஜெர்மன் கேட்பார்கள் (மொழித் திறன் ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும்). பி2 வரை போக 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிலையத்தின் கணக்கு. அரசு நடத்தும் இடங்களில் படிப்புக் கட்டணம் பொதுவாகக் கிடையாது, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும். தனியார் இடங்களில் ஆயிரக்கணக்கான யூரோ. ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனியார் இடத்தில்தான். அங்கே ஒரே கேள்வி கேளுங்கள்: முடிவில் எழுதுவது அரசு ஏற்கும் ஃபெஸ்ட்ஷ்டெல்லுங்ஸ்ப்ரூஃபுங் (பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி தரும் இறுதித் தேர்வு) தானா? "ஃபவுண்டேஷன் சர்டிபிகேட்" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். அந்தத் தேர்வில் தோற்றால் மறுபடி எழுத ஒரே ஒரு வாய்ப்புதான்.

இரண்டாவது, இங்கேயே பி.இ. சேர்ந்து முதலாண்டை முழுமையாகத் தேறுவது. பிறகு அதே துறையிலோ அதை ஒட்டிய துறையிலோ நேரடி விண்ணப்பம் போடலாம். சிவிலில் ஓராண்டு படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போவது சிக்கல். அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பட்டம் தரும் பல்கலைக்கழகம் அனபினில் 'எச் பிளஸ்' (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். தேட வேண்டியது கல்லூரியின் பெயரை அல்ல, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை.

பலர் கோட்டை விடுவது தேதியில். அங்கே குளிர்கால செமஸ்டருக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. இங்கே இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் அதற்குள் கையில் வருவது அரிது. ஜனவரி 15-இல் முடியும் கோடைகாலச் சேர்க்கையில் இளநிலைப் படிப்புகள் குறைவு. ஆகவே "ஓராண்டு" என்பது நடைமுறையில் இரண்டாண்டாகிவிடும். ஸ்டூடியன்கோலெக்கும் மொழி படிக்கும் காலத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு வித்தியாசம்: இரண்டாவது வழியில் ஜெர்மன் வழிப் படிப்புக்கு சி1 அளவு மொழியை இங்கிருந்தே எட்ட வேண்டும். ஆங்கில வழி இளநிலை இடங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களில் கொஞ்சம்தான்.

ஜேஇஇ அட்வான்ஸ்ட் இல்லாத பட்சத்தில், எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி. இங்கே பி.இ. சேரட்டும், மாலையில் ஜெர்மன் படிக்கட்டும். நடுவில் மனம் மாறினாலும், மொழி வராவிட்டாலும், பட்டத்தை முடித்து முதுநிலைக்குப் போகும் வாசல் திறந்தே இருக்கும். மொழியில் அவன் வேகமானவன், ஓராண்டு முழுக்க அதற்கே கொடுப்பான் என்றால் மட்டும் ஸ்டூடியன்கோலெக்கை யோசியுங்கள்.

அப்போஸ்டிலுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள் என்றால் அது வீண் செலவு. இந்தியா 2005-இல் அப்போஸ்டிலுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபித்துவிட்டது. நம் அப்போஸ்டில் முத்திரை அங்கே எடுபடாது. சான்றிதழ் உண்மையானதா என்று பார்ப்பது டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அமைப்பு. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு அதன் சான்று கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே அதைக் கேட்பதால், கடைசி நாளுக்குச் சில மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போவது யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாக. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இதையெல்லாம் மகனே வீட்டிலிருந்து செய்யலாம்.

மார்க்கை அவர்கள் இப்படி மாற்றுவார்கள்: முழு மதிப்பெண்ணிலிருந்து எடுத்ததைக் கழித்து, முழு மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவது. 600-468 = 132. 600-210 = 390. கணக்குப் போட்டால் சுமார் 2.0 வரும். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வெறும் தேர்ச்சி. ஆக அவன் மார்க் நல்ல மார்க்தான்.

செலவில், விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் உண்டு.

கடைசியாக, இன்றே மகனின் மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டில் பெயரும் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கும், அல்லது சர்நேம் இடம் காலியாக இருக்கும். ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், மொழித் தேர்வு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி நிரப்பச் சொல்லுங்கள். எழுத்தே மாறியிருந்தால், பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத் திருத்த விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு நாளாகும், ஏபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.