முதியோர் இல்ல ஊழியர்களுக்கு இறுதிக்காலப் பராமரிப்பில் என்ன பயிற்சி தர வேண்டும்?

ஓசூர் அருகே இல்லம் நடத்துகிறீர்கள், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களுக்கு எதை முதலில் சொல்லித்தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். வலியைக் கண்டுபிடிப்பதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கம் நிற்பது டாக்டர் அல்ல, ஆயாதான்.

பேசுகிறவரிடம் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்கலாம். உங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் நிறைய. மறதி நோய் முற்றினால் பலருக்கு அந்தப் பேச்சுதான் மிஞ்சும். 'நொப்பி', 'நோவு' என்றால் வலி என்று எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சே இல்லாதவருக்கு மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பை இறுக்குவது, தேற்றினாலும் அடங்காமை ஆகிய ஐந்துக்கும் தலா 0, 1, 2 மதிப்பெண் (இல்லையென்றால் 0, அதிகமானால் 2) போடச் சொல்லுங்கள். அதையும் அவரைப் புரட்டும்போது பாருங்கள். அசையாமல் கிடக்கும்போது வலி வெளியே தெரியாமல் போகலாம்.

கடும் வலிக்கு டாக்டர் எழுதும் சாதாரண மார்ஃபின் மாத்திரை பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளவும் கூடாது. அதோடு மலமிளக்கியும் டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள், ஏனென்றால் மார்ஃபின் பெரும்பாலும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணியாகக் கசிந்தால், பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி வழிகிற கசிவாக அது இருக்கலாம். தினமும் நோட்டில் குறித்தால் பிடிபடும்.

'ரெண்டு வாய் ராகிக் கூழாவது' என்று படுத்தபடியே ஊட்டுவது அன்புதான். ஆனால் விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஊழியர்களையே படுக்கவைத்து, ஒருவருக்கொருவர் ஸ்பூனில் தண்ணீர் ஊட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே புரியும். விழுங்குகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரை மணி அப்படியே வையுங்கள். விழுங்காதவருக்கு ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்தாலே போதும்.

வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சிகிச்சையைப் பார்க்கும் நர்ஸைப் பிடித்து ஒரு நாள் வரச்சொல்லிக் கேளுங்கள்.

கடைசி மணி நேரங்களில் பலருக்குத் தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். குழாய் விட்டு ஆழமாக உறிஞ்ச வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நினைவில்லாத அந்த நிலையில் அவருக்கு மூச்சுமுட்டுவதாகத் தெரிவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லும் வார்த்தைகளையும் ஆயாவுக்குப் பழக்கிவிடுங்கள்.